ஏழு பல்புகள்

கம்பி பிடுங்க வந்தவன் நான்.
ஷாங்காய், பழைய மேற்கு வாசல்,
யோங்ச்சி சந்து, பதினான்காம் எண்.
கல் நிலைக்கு மேலே செதுக்கிய பூங்கொடியில்
யாரோ மூங்கிலைச் செருகித் துணி காயப் போட்டிருந்தார்கள்.
நிமிர்ந்தேன், நெற்றியில் நாலு சொட்டு.

முகப்பு நிற்குமாம். ஆட்கள்தான் போகவேண்டும்.
ஒட்டிய அறிவிப்பில் அப்படித்தான் இருக்கிறது.
என் தாளில் இருப்பது அதைவிடச் சின்னது:
மீட்டர் ஏழு. கழற்று. கையெழுத்து வாங்கு.

பூப்போட்ட பைஜாமாவில் ஒரு பெண்
பொரித்த மாவுக்குச்சி நான்கை விரலிடுக்கில் பிடித்தபடி
சந்தையே தன் படுக்கையறை என்பதுபோல் நடந்து வந்தாள்.
சாப்பாட்டுப் பெட்டியோடு ஒரு ஸ்கூட்டர்காரன்
பின்கட்டு எது என்று மூன்றாம் முறை சுற்றினான்.
மாடியில் மாஜோங் காய்கள்
கூழாங்கல் மழையாய்க் கொட்டின.
காலை ஏழரைக்கே.

உள்ளே பகலிலும் இருட்டு.
ஒரே அடுப்படி, ஏழு குடும்பம்.
கரி படிந்த கூரையிலிருந்து ஏழு பல்பு,
ஏழு வீட்டுக்குள் ஏழு சுவிட்ச்.
அடுத்தவர் வெளிச்சத்தில் அரிசி களைவது
இங்கே திருட்டு.
குழாய்க்குக்கூடத் தகரப்பெட்டி, பூட்டு.

மூன்றாம் பல்பின் கீழ் ஹுவா பெய்லின்
மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.
ஐந்தாம் பல்பின் கீழ் கே ஷௌதியன்
மீனுக்குச் செதில் சுரண்டினார்.
இருவருக்கும் நடுவே இரண்டு முழம்,
பத்தொன்பது வருஷம்,
ஒரு சோயாசாஸ் புட்டி.
புட்டியில் கோடு போட்டு வைத்திருந்தாராம் அந்த அம்மாள்.
ஒருநாள் சாஸ் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்ததாம்.
எனக்கு இதைச் சொன்னது இரண்டாம் வீட்டு மருமகள்,
ரகசியக் குரலில்,
இருவர் காதிலும் விழும்படி.

மெயினை அணைத்தேன். டார்ச்சைப் பல்லில் கடித்து
துணி சுற்றிய, எலி ருசித்த கம்பிகளைத்
தடவிக்கொண்டே போனேன்.
மூன்றாம் பல்பின் கம்பி
ஐந்தாம் மீட்டருக்குள் நுழைந்தது.
இறங்கினேன், ஏறினேன், மறுபடி தடவினேன்.
ஐந்தின் கம்பி மூன்றில்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.
இன்னும் ஒன்பது நாள்.
அப்புறம் ஒருவர் நகரக் கோடியில் பதினெட்டாம் மாடி,
ஒருவர் ஆற்றுக்கு அப்பால் மகள் வீட்டில்.
சொல்லித் தொலைத்தேன்.

பூட்டிய குழாய் சொட்டும் சத்தம் கேட்டது.

“எந்த வருஷத்திலிருந்து?” சுவரைப் பார்த்துக் கேட்டார் கே.
பீங்கான் கட்டையைப் பார்த்தால் எண்பத்தாறு என்றேன்.
“அவள் போட்டிருப்பது நாற்பது வாட், தம்பி.
நான் பதினைந்து. கணக்குப் போட்டுச் சொல்லு அவளிடம்.”
“அந்த ஆளிடம் சொல்லு,” என்றார் பெய்லின்,
“ராத்திரி இரண்டு மணிக்குக் கஞ்சி வைப்பது யார்?
விடியும்வரை ஓடியிருக்கிறது என் மீட்டர்.”
“எனக்கு வயிற்றுப்புண். அவளுக்கென்ன தெரியும்?”
“தெரியும். இருமலும் தெரியும்.
இருமல் நின்றால்தான் எனக்குத் தூக்கமே.”
“இந்தப் பையனிடம் ஏன் பேசுகிறாய்?” என்று
அப்போதுதான் திரும்பினார் கே.

பிறகு நான் தேவைப்படவில்லை.
யூனிட் விலை எந்த வருஷம் ஏறியது,
புயல் வந்த வாரம் கரண்ட் இருந்ததா,
மகள் கல்யாணத்துக்கு மூன்று நாள் எரிந்தது யார் பல்பு,
படிக்கட்டெல்லாம் ஆட்கள், ஆளுக்கொரு சாட்சி.
மாஜோங் நின்றுவிட்டது.
கடைசியில் பதினோரு யுவான் நாற்பது,
பெய்லின் தரவேண்டும் என்று வந்தது.
“சாஸைக் கழி,” என்றார்.
“குடித்தது நான் இல்லை.”
“கழி என்கிறேன்.”

“இருட்டில் எப்படி எழுதுவது? மெயினைப் போடு,” என்றார்கள்.
போட்டேன்.
மூன்றும் எரியவில்லை, ஐந்தும் எரியவில்லை;
யார் சுவிட்சை அணைத்தார்கள், எப்போது, தெரியாது.
இரண்டாம் வீட்டு மருமகள் முணுமுணுத்துக்கொண்டே
தன் பல்பைப் போட்டாள்.
அதன் கீழே இரண்டு முக்காலிகள் நகர்ந்தன.

என் தாளில்
ஏழு கட்டமும் காலி.